ஏஜென்ட் ஆரஞ்சும் நரம்புப் பாதிப்பும்: ஊனத் தொகை பெறும் வழி

வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்க வீரருக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கால் மரத்துப்போனால், போரில் அமெரிக்கப் படை அங்கே தெளித்த களைக்கொல்லியான ஏஜென்ட் ஆரஞ்சைக் காட்டி ஊனத் தொகை கேட்க முடியுமா என்பது கேள்வி.

முடியும்; ஆனால் வழி மாற வேண்டும். 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரையிலான காலத்தில் அங்கே இருந்தவருக்குக் களைக்கொல்லி பட்டதாகவே அரசு எடுத்துக்கொள்ளும். சிக்கல் நோயில்தான். நரம்புப் பாதிப்பும் களைக்கொல்லியால் வந்ததென்று அரசு தானாக ஏற்க, அது கடைசியாகப் பட்டதிலிருந்து ஓராண்டுக்குள் 10 சதவீத ஊனமாவது வெளிப்பட்டிருக்க வேண்டும். கால் எரிச்சலுக்கு அன்று யார் மருத்துவரிடம் போய்ப் பதிந்து வைத்தார்கள்? பல மனுக்கள் இங்கேதான் விழுகின்றன.

ஆகவே முதலில் சர்க்கரையைப் பாருங்கள். இரண்டாம் வகை நீரிழிவுக்கு இந்த ஓராண்டுக் கெடு கிடையாது. அதை ஏற்கவைத்து, நரம்புப் பாதிப்பை அதன் விளைவாகக் கோருங்கள். பாதித்த ஒவ்வொரு கை காலுக்கும் தனித்தனி சதவீதம் உண்டு.

சர்க்கரை இல்லையென்றால், களைக்கொல்லி காரணமாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பாவது உண்டு என்று மருத்துவர் காரணங்களோடு எழுத வேண்டும். வெறும் ‘இருக்கலாம்’ உதவாது. நரம்புக் கடத்தல் பரிசோதனை மெல்லிய நரம்பிழைகளின் சேதத்தைக் காட்டாது. வலி இருந்தும் அறிக்கை இயல்பாக வந்தால் தோலில் சிறு துண்டெடுத்துச் சோதிக்கும் பயாப்சி பற்றிக் கேளுங்கள்.

சான்றுகள் சேரும்வரை காத்திராமல் ‘விண்ணப்பிக்கும் எண்ண’ப் (Intent to File) படிவத்தை அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையிடம் இன்றே கொடுங்கள். ஓராண்டுக்குள் முழு மனு போனால், பொதுவாக அந்தப் படிவம் கொடுத்த தேதியிலிருந்தே தொகை கணக்காகும்.