தச்சன் எத்தனை மரம் பார்த்தான்?

கேள்வி: சென்ற இதழில் 'பல்துறை வித்தகர்' என்று ஒருவரைத் தலையில் தூக்கிவைத்து எழுதியிருந்தீர்கள். மேடையில் நடிக்கிறார், குறும்படம் எடுக்கிறார், விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கிறார், பாட்டுக்கு மெட்டும் போடுகிறார். என் மகனும் இருபத்தாறு வயதில் இந்த நான்கையும்தான் செய்துகொண்டிருக்கிறான். 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்கிறார் என் மைத்துனர். இப்படிப்பட்டவர்களைப் பாராட்டி எழுதிப் பிள்ளைகளின் மனத்தைக் கெடுப்பது நியாயமா?
– ஒரு தந்தை, ஈசூன்

பதில்: உங்கள் மைத்துனர் பழமொழியைப் பிசகாமல் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் காதில் வாங்கிக்கொண்டும் சொல்லியிருக்கலாம். அந்தத் தச்சன் மரங்களைக் கண்டான், அவ்வளவுதான். தோப்பைச் சுற்றிச் சுற்றி வந்தானே தவிர, கோடரியை ஓங்கவில்லை. நான்கு மரத்தை வெட்டி நாற்காலியும் கட்டிலும் செய்து முடித்தவனைப் பற்றிப் பழமொழி வாயே திறக்கவில்லை. ஆகவே மகனிடம் 'எத்தனை வேலை செய்கிறாய்' என்று கேட்காதீர்கள். எத்தனையை முடித்தாய் என்று கேளுங்கள். தொகுப்பு முடியாத குறும்படம் மூன்று, பாதி எழுதிய நாடகம் இரண்டு, பெயரட்டையில் மட்டும் 'நடிகர், இயக்குநர், இசையமைப்பாளர்' என்று பதில் வந்தால், மைத்துனர் பக்கம் நானும் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

எங்கள் பங்குக்கு ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். சென்ற இதழில் 'வித்தகம்' என்று நாங்கள் வியந்ததில் பாதி, வீட்டு வாடகை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசுகிற சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடு. பத்தாண்டுக்கு முன்பு அது 3.3 ஆக இருந்தது. இந்தக் கூட்டத்தை நம்பி ஒரு தமிழ் நாடகத்தை எத்தனை நாள் நடத்த முடியும்? இரண்டு மூன்று மாதம் ஒத்திகை பார்த்துவிட்டு, வெள்ளி இரவு ஒன்று, சனிக்கிழமை இரண்டு, ஞாயிறு மாலை ஒன்று என்று முடித்துவிட்டு அரங்கைக் கழற்றுகிறார்கள். திங்கட்கிழமை காலையில் அந்த நடிகர் எங்கே போவார்? குரல் பதிவுக்குத்தான் போவார். நவம்பரில் எஸ்பிளனேட் கலை அரங்கில் இந்தியக் கலை விழாவான கலா உற்சவம், ஏப்ரலில் தமிழ்மொழி விழா என்று வேலை குவியும் மாதங்களும் உண்டு. மற்ற மாதங்களிலும் பசிக்கிறதே.

ஆனால் வாடகைக்காகப் போன இடத்தில் வித்தை கைமாறுவதையும் நான் பார்த்திருக்கிறேன். டெங்கிக் கொசு பற்றிய வானொலி அறிவிப்பு ஒன்றின் பதிவு அது. ஆங்கிலத்தில் முப்பது வினாடி. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி அனுப்பியிருந்தார்கள். படித்துப் பார்த்தால் நாற்பத்தொரு வினாடி. 'வேகமாகப் படியுங்கள்' என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர். வேகமாகப் படித்ததும் ஏலம் போடுவது போல இருந்தது. குரல் கொடுக்க வந்த பெண் மேடை நடிகை, கொஞ்சம் பாட்டும் கற்றவர். பென்சிலை வாங்கினார். மேசை விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டே 'தேங்கியிருக்கும் தண்ணீரை உடனடியாக அகற்றிவிடுங்கள்' என்றிருந்ததை 'தேங்கிய நீரை உடனே கொட்டுங்கள்' என்று மாற்றினார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் நாம் மனப்பாடம் செய்து மறந்த கணக்கை அவர் விரல் மறக்கவில்லை. இருபத்தொன்பது வினாடியில் முடித்தார். கொசு என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சுக்கு இடமும் விட்டார். அந்த மூச்சு நாடகம் கற்றுக்கொடுத்தது. எண்ணிக்கை பாட்டு கற்றுக்கொடுத்தது. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் அன்று ஏலம்தான் ஒலிபரப்பாகியிருக்கும்.

விளம்பரமெல்லாம் கலையா என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது. 1984இல் 'ஸ்டாண்ட் அப் ஃபார் சிங்கப்பூர்' பாட்டை எழுதிய ஹியூ ஹாரிசன் ஒரு விளம்பர நிறுவனத்துக்காரர். தேசிய தினத்தன்று நம் பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடுகிற 'கவுண்ட் ஆன் மீ சிங்கப்பூர்' பாட்டும் அவருடையதே. மும்பையில் அலீக் பதம்சீ லிண்டாஸ் விளம்பர நிறுவனத்தின் தலைமையில் இருந்துகொண்டே ஆங்கில நாடகங்களை இயக்கினார். 1982இல் வந்த 'காந்தி' படத்தில் ஜின்னாவாகவும் நடித்தார்.

அவ்வளவு தூரம் போவானேன், பாலஸ்டியருக்கு வாருங்கள். ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்துக்கு 1948இல் பினாங்கிலிருந்து ஓர் இளைஞர் பாட வந்தார். 1950இல் 'பக்தி' படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். 1955இல் அந்த இளைஞரே இயக்குநரானார். மலாய்த் திரையுலகின் பி. ரம்லிதான் அவர். பாட்டு, நடிப்பு, மெட்டு, இயக்கம் நான்கையும் அவர் ஒரே நாளில் தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பாட்டு என்ற வாசல் வழியாக உள்ளே நுழைந்து, ஏழு வருடம் அந்த வீட்டிலேயே கிடந்து, மற்ற அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

நம் காலத்து ஆள் வேண்டுமென்றால் கே. ராஜகோபால். 1990களின் நடுவில் அவருடைய குறும்படங்கள் சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவில் பரிசு வாங்கின. முதல் முழுநீளப் படம் 'எ யெல்லோ பேர்ட்' 2016இல்தான் வந்து, கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. இடையில் ஏறக்குறைய இருபது ஆண்டு. மேடையில் நடித்த மனிதர் அவர். அவருக்கும் எந்த மைத்துனராவது பழமொழி சொல்லியிருக்கக்கூடும்.

உங்கள் கவலை பல துறை பற்றியதே அல்ல, பணம் பற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் தவறில்லை, அதை நேராகவே கேளுங்கள். சுயதொழில் செய்பவருக்கு மத்திய சேம நிதியில் முதலாளி பங்கு என்று ஒன்றும் வராது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பு மட்டும் கட்டாயம். மற்றதை அவரேதான் போட்டுக்கொள்ள வேண்டும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கப்போகும்போதுதான் அது உறைக்கும். எனவே கூலியை எழுத்தில் வாங்குகிறானா, ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்குப் போகிறானா என்று விசாரியுங்கள். நம் விழாக்குழுக்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒலிபெருக்கிக்காரருக்குப் பணம் தருவார்கள், சாப்பாட்டுக்காரருக்கு முன்பணமே தருவார்கள். நடிகருக்கு மட்டும் 'தமிழுக்காகத்தானே தம்பி' என்று ஒரு பொன்னாடை. என் வீட்டிலேயே பதினாறு பொன்னாடை இருக்கிறது. ஒன்றைக்கூட ஃபேர்பிரைஸ் கடையில் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதம் இரண்டு பக்கம். மகன் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான் என்பது வரை அதில் இருக்கிறது. அவன் நடித்த ஒரு நாடகத்தின் பெயர் இல்லை. அடுத்தது எப்போது என்று கேட்டு, மைத்துனருக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் வாங்குங்கள். காசு கொடுத்து வாங்குங்கள். ஓசி டிக்கெட் இருக்கிறதா என்று மகனிடமே கேட்டுவிடாதீர்கள்.