அடிக்கிறதுக்கு முன்னால முதுகைப் பாருங்க

வீட்டுக் காய்கறித் தோட்டத்துல தென்படுற பூச்சி, பிராணிகளைப் பத்திக் கேட்டிருந்தீங்க. நான் படிச்சவ இல்லை, கொல்லையில குத்தவச்சுப் பார்த்தவ. அதுக்குத் தகுந்த பதில்தான் வரும்.

சேலம்: அக்கா, பொறிவண்டு நல்லதுன்னு விட்டு வச்சேன். கத்தரி இலையெல்லாம் சல்லடையாயிடுச்சே?

நீங்க விட்டு வச்சது பொறிவண்டோட பங்காளி, தம்பி. எபிலாக்னான்னு சொல்ற புள்ளி வண்டு. கிட்ட போய் முதுகைப் பாருங்க. செடிச் சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சியைத் தின்கிற நல்ல வண்டு எண்ணெய் தடவின மாதிரி மினுமினுங்கும். இது மங்கலா, பொடி முடியோட இருக்கும். முதுகுல 28 புள்ளி வரைக்கும் இருக்கும். இலையில பச்சையைச் சுரண்டிட்டு நரம்பை விட்டுடும். இதோட புழு மஞ்சளா, உடம்பெல்லாம் முள்ளா இருக்கும். பொறிவண்டுப் புழு கறுப்புல ஆரஞ்சுத் திட்டோட குட்டி முதலை மாதிரி இருக்கும். முதல் வருஷம் அதைத்தான் நான் தேடித் தேடி நசுக்கினேன், பாவம்.

காலையில சோப்புத் தண்ணிக் கிண்ணத்தைக் கீழே பிடிச்சுச் செடியை உலுக்குங்க. பொத்துப் பொத்துன்னு விழும்.

மதுரை: மாவுப்பூச்சிக் கூட்டத்துல சிலது மட்டும் பெருசா, நீள நீள வெள்ளை நூலோட வேகமா ஊருது. அது என்ன?

பசுத்தோல் போர்த்திய புலி! மாவுப்பூச்சியைத் தின்கிற ஒரு வண்டோட புழு அது. விட்டுடுங்க. முதல்ல எறும்பை நிறுத்துங்க. மாவுப்பூச்சி விடுற இனிப்புத் தண்ணிக்காக எறும்புதான் அதுக்குக் காவல் நிக்குது.

2008ல கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு எல்லாத்தையும் வெளுத்து வாங்கினது நினைவிருக்கா? மருந்துக்கு அடங்கலை. 2010ல புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைச்சு விட்ட, கடுகளவுகூட இல்லாத குளவிதான் அடக்குச்சு.

தஞ்சாவூர்: அரணை கடிச்சா மரணமாமே?

எதுகை நல்லா இருக்கு. விஷம்தான் இல்லை.

கும்பகோணம்: ஜன்னல்ல குளவி மண்கூடு கட்டுது. வீட்டுல குழந்தை பிறக்கும், உடைக்காதேங்கிறாங்க மாமியார். உண்மையா அக்கா?

பிறக்கும், குளவிக்கு. ஆனா மாமியார் பேச்சைக் கேளுங்க, உடைக்காதீங்க.

எங்க வீட்டுச் சுவர்ல பூச்சு வேலை நடந்தப்போ ஒரு கூடு பெயர்ந்து விழுந்துச்சு. உள்ளே ஏழு பச்சைப் புழு, பீடிக்கட்டு மாதிரி நெருக்கியடிச்சுக் கிடந்துச்சு. ஊசியால தொட்டா லேசா ஒரு நெளிவு, அவ்வளவுதான். உயிர் இருக்கு, ஓட முடியலை. கூட்டோட கூரையிலிருந்து ஒரு மெல்லிய நூல்ல முட்டை தொங்குச்சு. தாய்க் குளவி கொட்டினது கொல்ல இல்லை, முடக்கத்தான். குஞ்சு பொரிச்சு வர்ற வரைக்கும் இரை கெடக் கூடாதே!

‘கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்’னு சொல்வாங்க இல்லையா? உள்ளே புழு போனதையும் வெளியே குளவி வந்ததையும் பெரியவங்க சரியாத்தான் பார்த்திருக்காங்க. நடுவுல நடந்ததுதான் மூடின கூட்டுக்குள்ள நடந்துச்சு. அந்த ஏழு புழுவும் உங்க செடியில இருந்திருக்க வேண்டியதுன்னு கணக்குப் போட்டுக்கோங்க. சில குளவி சிலந்தியை அடைச்சு வைக்கும், அது வேற ஜாதி.

ஈரோடு: கறிவேப்பிலையில பச்சைப் புழு. தொட்டா தலையிலிருந்து சிவப்பா கொம்பு நீட்டுது, ஒரே நாத்தம்!

பயமுறுத்துது, அவ்வளவுதான். கொட்டாது. சின்னதுல காக்கா எச்சம் மாதிரி இருந்திருக்கும், கவனிச்சிருக்க மாட்டீங்க. பட்டாம்பூச்சியாகப் போறது. செடி பெருசுன்னா ரெண்டு கொத்து குடுங்க. கன்னுன்னா புழுவை எடுத்துப் பக்கத்து எலுமிச்சையில விடுங்க.

சென்னை: ராத்திரியில பெரிய பெரிய நத்தை வருது. உப்புப் போடலாமா?

வேண்டாம், மண்ணு கெட்டுடும். அது ஆப்பிரிக்க நத்தை. 1847ல கல்கத்தாவுல ஒருத்தர் கொண்டுவந்து விட்டது, இன்னைக்கு உங்க முள்ளங்கி வரைக்கும் வந்திருக்கு. ஈரச் சாக்கு விரிச்சு, அடியில பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் கழிவும் போடுங்க. விடிகாலையில கையுறை போட்டுப் பொறுக்குங்க. வெறுங்கையால தொடவே கூடாது, மூளையைப் பாதிக்கிற புழு அதுல இருக்கலாம்.

செம்போத்துப் பறவை வந்தா விரட்டாதீங்க, நத்தையை ஓட்டோட ஒரு கை பார்க்கும். அந்தப் பறவை ஒளிஞ்சு திரியுறது உங்க வேலி ஓரப் புதர்லதான். அந்தப் புதரை மட்டும் சுத்தம் பண்றேன்னு வெட்டிடாதீங்க.