தோட்டத்துக்கு உயிர்வேலி அமைக்க எந்தச் செடி ஏற்றது?

வேகமாக வளரும் செடி எது என்று கேட்டிருக்கிறீர்கள். வேலி எதற்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆடுமாடுகளைத் தடுப்பதே நோக்கமென்றால், முள்ளும் அடர்த்தியும் கொண்ட களாச்செடி மிகப் பொருத்தமானது. ஆடுகள் தின்னாத ஆடாதோடையும் நல்ல தேர்வே. பூக்களுக்காகவும் மறைப்புக்காகவும் என்றால் செம்பருத்தி, வெட்சி, மருதாணி ஆகியவற்றை நாடலாம். நிழல் விழும் இடத்தில் செம்பருத்தி சரியாகப் பூக்காது. அரளி வறட்சியைத் தாங்கினாலும் அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு என்பதால், குழந்தைகளோ கால்நடைகளோ நடமாடும் இடத்தில் அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

வேகமாக வளரும் செடியை அடிக்கடி கத்தரிக்கவும் வேண்டியிருக்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்று முதல் ஒன்றரை அடி இடைவெளியில் நட்டு, செடி முழங்கால் உயரம் வந்ததும், மனம் கேட்காவிட்டாலும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளுவதன் பலனை மருதாணியில் கண்ணாலேயே பார்க்கலாம்: வெட்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே, எதிரெதிராக உள்ள இரண்டு இலைகளும் தண்டோடு சேரும் இடங்களிலிருந்து புதுத் துளிர்கள் கிளம்பி, ஒரு கிளை இரண்டாகும். உயரம் வரட்டும் என்று கத்தரிக்காமல் விட்ட வேலி, மேலே குடைபோல் விரிந்து, அடியில் வெறும் குச்சிகளாக நிற்கும்.

வளர்ந்த பிறகும், அடிப்பகுதி மேற்பகுதியைவிடச் சற்று அகலமாக இருக்கும்படி கத்தரித்தால்தான் கீழ்க்கிளைகளுக்கும் வெயில் கிடைத்து இலைகள் உதிராமல் நிற்கும்.