கொல்லுப் பட்டறைக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள்?

கேள்வி இது: "கத்தியும் கைக்கருவிகளும் அடிக்கிற சின்னப் பட்டறை ஒன்று தொடங்கப் போகிறேன். வெளிநாட்டுக் கொல்லர்கள் ஓநாய், காக்கை, எரிமலை என்றெல்லாம் பட்டறைக்குப் பெயர் வைக்கிறார்கள். நம் ஊர்க் கொல்லர்கள் எப்படிப் பெயர் வைக்கிறார்கள்? நான் என்ன வைக்கலாம்?"

எங்கள் குடும்பத்துப் பட்டறை சென்னை மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டில், தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. உலையில் நிற்பது அப்பாவும் அண்ணனும். பில், வரி, பேங்க் எல்லாம் என் பொறுப்பு. எங்கள் பட்டறையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் விளம்பரம் செய்ய வந்திருக்கிறாள் என்று ஒருவராவது சொல்வார்.

நீங்கள் கொல்லர் வீட்டுப் பிள்ளை இல்லை, வேறு வேலையில் இருந்துகொண்டு ஆசைப்பட்டு இந்த வேலையைக் கற்றுக்கொண்டவர் என்று நினைக்கிறேன். கொல்லர் வீட்டில் பிறந்தவருக்கு இந்தக் கேள்வியே வராது. பட்டறை ஏற்கெனவே இருக்கும், அதற்குப் பெயர் இருக்காது. ஆசைப்பட்டு வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. எங்கள் அப்பாவிடம் இரண்டு பேர் அப்படி வந்து கற்றுக்கொண்டு போனார்கள், நன்றாகவே அடிக்கிறார்கள்.

எங்கள் பட்டறைக்கும் 2017 வரை பெயர் கிடையாது. வாசலில் பெரிய பூவரச மரம் நின்றதால் ஹார்பரில் எல்லோருக்கும் அது பூவரசமரத்துப் பட்டறை. நங்கூரத்தின் கொம்பு வளைந்தாலும், ஐஸ் குத்துகிற கம்பியின் முனை மழுங்கினாலும், மீன் வெட்டும் கத்தி தேய்ந்தாலும் "பூவரசமரத்துக்குப் போ" என்பார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அந்த மரத்தை வேரோடு சாய்த்துவிட்டது. இன்றைக்கும் படகுக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் மரத்தைத் தேடிக்கொண்டு தெரு முனை வரை போய்த் திரும்பி வருவான்.

அடுத்த வருடம் ஜூலையில் ஜிஎஸ்டி வரப்போகிறது என்று தெரிந்ததும், எங்களிடம் நிறைய வேலை கொடுக்கும் படகு காண்டிராக்டர் ஒருவர், இனி பெயர் போட்ட பில் இல்லாமல் பணம் தர முடியாது என்று சொல்லிவிட்டார். அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ரிப்பேர் எல்லாம் அப்போதுதான் நடக்கும். எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அந்த நெரிசலில், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வீட்டில் பெயர்ப் பேச்சு ஓடும்.

மாமா காளிகாம்பாள் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. பாரிமுனை தம்பு செட்டித் தெருக் காளிகாம்பாள்தான் சென்னையில் விஸ்வகர்மாக்களுக்குத் தாய் மாதிரி. கோயில் நிர்வாகமே எங்கள் ஆட்கள் கையில்தான் இருக்கிறது. 1677இல் சிவாஜி வந்து கும்பிட்டதாகக் கோயிலில் எழுதியே வைத்திருக்கிறார்கள். கொல்லர், தச்சர், கன்னார், தட்டார், சிற்பி என்று எந்தத் தொழில்காரர் கடை திறந்தாலும் பத்திரிகையை முதலில் அங்கேதான் கொண்டுபோய் வைப்பார்கள். ஆனால் அந்த ஒரே காரணத்தால் வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை என்று எங்கே திரும்பினாலும் காளிகாம்பாள் பெயரில் ஒரு வெல்டிங் கடை இருக்கிறது. ஒருவருக்கு வந்த பார்சலை இன்னொருவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிற கதையெல்லாம் நடக்கிறது. திருவொற்றியூர்ப் பக்கம் போனால் வடிவுடையம்மன் பெயருக்கும் இதே நிலைமைதான். கிறிஸ்தவக் கொல்லர்கள் அந்தோணியார், வேளாங்கண்ணி மாதா பெயர் வைக்கிறார்கள். சாமி பெயர் வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வர வேண்டாம். வைத்தால் கூட ஒரு சொல் சேர்த்து வையுங்கள், அடையாளம் பிசகாமல் இருக்கும்.

அண்ணனுக்கு இரண்டு ஆங்கில இனிஷியலும் பக்கத்தில் "இன்ஜினியரிங் ஒர்க்ஸ்" என்றும் வர வேண்டும். மணலிப் பக்கம் கம்பெனிகளில் "பட்டறை" என்று சொன்னால் கேட் தாண்டி உள்ளே விட மாட்டார்கள் என்பது அவர் வாதம். இந்த ஏரியாவில் முக்கால்வாசிக் கொல்லுப் பட்டறைகள் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் ஆனது இப்படித்தான். லேத், வெல்டிங் எல்லாம் உள்ளே வந்தபிறகு உலை மூலைக்குப் போய்விட்டது, போர்டும் மாறிவிட்டது. பெயருக்குப் பின்னால் ஆச்சாரி என்று போடுகிறவர்களும் உண்டு. அப்பா அது வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஒரு வாரம் எதுவும் பேசாமல் இருந்த அப்பா, மாமாவைப் பார்த்து ஒருநாள் சொன்னார்: "சாமிக்குக் கோயில் இருக்குது. எங்கம்மாவுக்கு இன்னா இருக்குது?"

எங்கள் பட்டறை இன்று இருப்பதே அப்பாவின் அம்மாவான ஆயாவால்தான். தாத்தா போனபோது அப்பாவுக்குச் சம்மட்டி தூக்குகிற வயது இல்லை. ஆயா கூலிக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு, தானே துருத்தி போட்டார். துருத்தி போடுவது வெறும் காற்றடிக்கிற வேலை இல்லை. கரியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்று குறைந்தால் இரும்பு பழுக்காது, கூடினால் நுனி பொறி பறக்க எரிந்து வீணாகிவிடும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்பார், இரும்பு பதத்துக்கு வந்ததும் "எடு" என்பார், அதற்கு முன்னால் அந்த ஆள் குறடை நீட்ட மாட்டாராம். நான் பார்த்த காலத்தில் கைப்பிடி சுற்றுகிற பிளோயர் வந்துவிட்டது. அதையும் ஆயாதான் சுற்றினார். பணம் கேட்டு வந்த கந்துக்காரரிடம் வீட்டு நகையைக் கொடுத்தார், இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கல்லைக் கொடுக்கவில்லை. கைநாட்டுதான் வைப்பார். ரேஷன் கார்டைத் தவிர அவர் பெயர் வேறெங்கும் எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவர் பெயரையே வைத்தோம். பெயர், அதற்குப் பக்கத்தில் "பட்டறை". அண்ணனுக்காகக் கீழே சின்ன எழுத்தில் கொல்லு வேலை, வெல்டிங், கேட், கிரில் என்று வரும். செத்துப்போனவர் பெயர் தொழிலுக்கு ஆகாது என்று சிலர் சொன்னார்கள். தாத்தா பெயரை வைத்து "அண்ட் சன்ஸ்" என்று போடும்போது மட்டும் ஆகிறதே, அது எப்படி என்று நான் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. இதை எழுதினால் பெண்ணியம் பேசுகிறாள் என்பார்கள், சொன்னால் சொல்லட்டும். உழைத்தவர் பெயர் போர்டில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது உங்களுக்கு நேராக உதவுகிற ஒரு விஷயம். வெளிநாட்டுக் கொல்லர்கள் பெயர் வைக்கும்போது இன்னொன்றையும் சேர்த்து யோசிப்பார்கள். செய்த பொருளில் அடிக்கிற முத்திரையில் அது அடங்குமா என்று. ஓநாய்த் தலை, காக்கை எல்லாம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். நம் பக்கம் கடையில் வாங்கினால் ஆங்கில எழுத்துப் பஞ்ச் செட்தான் கிடைக்கும். அப்பாவுக்கு ஆயாவின் பெயரில் முதல் எழுத்தான "ம" தமிழிலேயே வேண்டும். உடைந்த உளித் துண்டு ஒன்றை எடுத்துப் பழுக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிட்டார். அப்படி மெதுவாக ஆறினால்தான் அரம் ஏறும். பேப்பரில் பேனாவால் ம எழுதி, வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, பின்பக்கம் தெரிந்த எழுத்தை முனையில் வரைந்தார். நேர்கோடுகள் ஊசி அரத்துக்கு அடங்கின. எழுத்தின் உள்பக்கத்தைக் குடைந்தெடுப்பதுதான் பெரும்பாடு. முதல் இரண்டு துண்டும் போயின, மூன்றாவதுதான் நின்றது. பிறகு சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினார், முனையை எமரித் தாளில் பளபளப்பாகத் தேய்த்தார், பின்பக்கத்திலிருந்து மெல்லச் சூடு காட்டினார். சூடு ஏறும்போது இரும்பின் மேல் தெரியும் வைக்கோல் நிறம் ஊர்ந்து எழுத்து வரைக்கும் வந்த நொடியில் தண்ணீரில் போட்டார். தண்ணீரில் போடுவது பிந்தினால் எழுத்து மெத்தென்று நசுங்கும், முந்தினால் உடையும். இப்போது எங்கள் கத்தி எல்லாவற்றிலும் பிடிக்குப் பக்கத்தில் அந்த ம இருக்கும். ஆகவே நீங்கள் நீளமான பெயர் வைத்தாலும் முதல் எழுத்து அடிக்க வருகிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேவை மட்டும் என்றால் வருடத்துக்கு 20 லட்சம், பொருள் விற்பனை மட்டும் என்றால் 40 லட்சம் வரவு தாண்டும் வரை நம் மாநிலத்துக்குள் விற்கிறவருக்கு ஜிஎஸ்டி பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. ஆனால் கம்பெனிக்காரர்கள் கேட்பார்கள். தனியாள் தொழில் என்றால் சட்டப்படியான பெயர் பான் கார்டில் உள்ள உங்கள் பெயர்தான், பட்டறைப் பெயர் வணிகப் பெயராகத் தனியே வரும். அதே பெயரில் இன்னொருவர் பதிந்திருந்தாலும் ஜிஎஸ்டியில் தடுக்க மாட்டார்கள். பெயர் உங்களுக்கு மட்டும் வேண்டுமென்றால் டிரேட்மார்க் எடுங்கள். கத்தி, கைக்கருவிகள் 8ஆம் வகுப்பில் வரும், தனியாள் ஆன்லைனில் போட்டால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். போர்டில் தமிழ்தான் பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், மற்ற மொழி 5:3:2 என்ற கணக்கு. இன்னொன்று, உங்கள் பெயருக்கு ஆங்கில ஸ்பெல்லிங்கை முதல் நாளே முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். நான் ஃபார்மில் தெளிவாக எழுதிக் கொடுத்தும் ஒரு பேங்கில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு டைப் அடித்தார்கள். காண்டிராக்டர் கொடுத்த செக் திரும்பிவிட்டது. அதைச் சரிசெய்ய நான் அலைந்த அலைச்சல் சொல்லி மாளாது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனதில் இருக்கிறது. எங்கள் பின்பக்கம் முன்பு குடோனாக இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வந்திருக்கிறது. குடி வந்த முதல் மாதத்திலேயே சத்தம், புகை என்று மாநகராட்சிக்குப் புகார். ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். காலை ஒன்பதுக்கு முன்னால் சம்மட்டி வேண்டாம் என்று நாங்களே நிறுத்திக்கொண்டோம், புகைபோக்கியை உயர்த்தினோம். அதற்கப்புறமும் புகார் நிற்கவில்லை. தாத்தா உலை போட்டபோது அந்தப் பக்கம் வீடே கிடையாது. வீடு வாங்கும்போது பால்கனியில் நின்று பார்த்திருந்தால் எங்கள் கூரை தெரிந்திருக்கும். குழந்தை தூங்குகிறது என்று நேரில் வந்து சொன்ன ஒரு அம்மாவுக்காக அண்ணன் மதியத்தில் கிரைண்டர் போடுவதையே விட்டுவிட்டார். நேரில் வந்து பேசினால் நாங்கள் கேட்கிறவர்கள்தான். பேசாமலே மனுப் போடுகிறவர்களை என்ன செய்வது? நீங்கள் இடம் பார்க்கும்போது சுற்றிலும் எது காலி மனையாகக் கிடக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனதில் இரண்டு மூன்று பெயர் இருந்தால் தமிழ் எழுத்திலேயே எழுதி அனுப்புங்கள். அப்பாவிடம் காட்டி, எந்த எழுத்து பஞ்சில் குடைய வரும், எது அவ்வளவு சின்ன அளவில் நிற்காது என்று கேட்டுச் சொல்கிறேன். ஞ மாதிரி எழுத்தில் தொடங்கினால் கண்டிப்பாகத் திட்டுவார்.