இழுக்கிறது, கடிக்கிறது, லாரி சத்தம் கேட்டால் ஒளிகிறது: ஆட்டுக் கொட்டகைக்கு வந்த நாய்க்குட்டியை எப்படிப் பழக்குவது?

கேள்வி: வணக்கம் ஐயா. மணலி புதுநகரில் வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டு 14 ஆடுகளும் ஒரு கறவை மாடும் வைத்திருக்கிறேன். ராத்திரியில் ஆடு திருட்டுப் பயம் இருப்பதால், கோவில்பட்டிப் பக்கத்து உறவினரிடமிருந்து ஒரு ஆண் நாய்க்குட்டி வாங்கி வந்தோம். சிப்பிப்பாறைக் கலப்பு என்றார்கள். இப்போது நாலரை மாதம் இருக்கும். வந்து ஆறு வாரம் ஆகியும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. அவிழ்த்தால் கையைக் கடிக்கிறது, நைட்டி ஓரத்தைப் பிடித்துத் தொங்குகிறது. சங்கிலியோடு வெளியே கூட்டிப் போனால் கழுத்து நெரியும் அளவுக்கு இழுக்கிறது. கன்டெய்னர் லாரி ஹாரன் கேட்டால் மாட்டுத் தொட்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது, அங்கேயே மூத்திரம் விடுகிறது. நாலு நாள் முன்பு என் பையன் அதைத் தொட்டிக்கு அடியிலிருந்து இழுத்தபோது காலில் கடித்து லேசாக ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்தோம். ஆட்டுக்குட்டிகளையும் துரத்துகிறது. ஒன்றின் பின்னங்காலில் பல் பட்டிருக்கிறது. ஊரில் ஒரு ஊசி போட்டதாகச் சொன்னார்கள், சீட்டு இல்லை. நாலு அடி போட்டால் அடங்கும் என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். இது காவலுக்குத் தேறுமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அம்மா, குட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் பையனின் கால். இதைப் படித்த கையோடு அவனை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சொந்த வீட்டுக் குட்டிதானே, சின்னப் பல்தானே என்று எண்ண வேண்டாம். ரத்தம் வந்த கடி, குட்டிக்குத் தடுப்பூசி போட்டதற்குச் சீட்டு இல்லை. இந்த இரண்டும் சேர்ந்தால் ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி கட்டாயம். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, 3, 7, 28 ஆகிய நாட்களில் மீதியைப் போடுவார்கள். ரத்தம் வந்த கடி என்பதைத் தவறாமல் சொல்லுங்கள், காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும். நாலு நாள் ஓடிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், இப்போதும் காலம் கடக்கவில்லை. இனி எந்த நாய்க் கடியானாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் காயத்தில் படக் கூடாது.

கடித்த நாளிலிருந்து 10 நாள் குட்டியை வீட்டிலேயே வைத்துக் கவனியுங்கள். அதற்காகப் பையனின் ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டியவை. 10 நாளும் குட்டி நன்றாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போய் ரேபிஸ் ஊசியையும், பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான கூட்டு ஊசியையும் முதலிலிருந்து தொடங்குங்கள். சீட்டு இல்லாத ஊசி போடாத ஊசிக்குச் சமம். பல் பட்ட ஆட்டுக்குட்டியையும் அவரிடம் காட்டுங்கள். கடிபட்ட ஆட்டுக்கும் தடுப்பூசி உண்டு. மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்க்க உரிமம் வாங்க வேண்டும் என்பதால் ரேபிஸ் ஊசிச் சான்றிதழ் அதற்கும் தேவைப்படும்.

சரி, இனி குட்டிக்கு வருவோம். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கடி, இழுப்பு, ஒளிவது, மூத்திரம் என்று நான்கு குறைகளாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதில் பெரும்பகுதி ஒன்றாகத்தான் தெரிகிறது. அந்தக் குட்டி பயந்து போயிருக்கிறது.

நாய்க்குட்டிக்கு உலகம் பழகும் பருவம் ஏறக்குறைய 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரைதான். அந்த நாட்களில் பார்த்த ஆள், கேட்ட சத்தம், மிதித்த தரை எல்லாம் சாதாரணம் என்று மனதில் பதிந்துவிடும். அதற்குப் பிறகு புதிதாக வருவதையெல்லாம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். உங்கள் குட்டி அந்தப் பருவத்தில் அநேகமாக முழுவதையும் கரிசல் காட்டு அமைதியில் கழித்துவிட்டு, அது முடியும் நேரத்தில் உங்களிடம் வந்திருக்கிறது. வந்து இறங்கிய இடமோ பொன்னேரி நெடுஞ்சாலை ஓரம். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடும் சாலை. நமக்குப் பழகிப்போன அந்த ஹாரன், நம்மைவிடக் கூர்மையாகக் கேட்கும் காதுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கழுத்தில் சங்கிலி வேறு. ஓடவும் முடியாது. ஓட வழியில்லாத பிராணி பல்லைத்தான் காட்டும்.

சந்தையிலிருந்து புது ஆடு பிடித்து வந்தால் என்ன செய்வீர்கள்? முதல் நாள் மூலையில் ஒண்டி நிற்கும். காதைப் பிடித்து நடுவில் இழுத்து விட மாட்டீர்கள். அகத்திக் கட்டை எட்டத்தில் தொங்கவிட்டு, அதுவாக வரட்டும் என்று விட்டுவிடுவீர்கள். குட்டிக்கும் அதே கைதான் வேண்டும்.

தொட்டிக்கு அடியில் இருக்கும் இடத்தை அதற்கே விட்டுக் கொடுங்கள். பழைய சாக்கு ஒன்றை மடித்துப் போடுங்கள். அங்கே போய்விட்டால் யாரும் கை நீட்டக் கூடாது, இழுக்கக் கூடாது. பையனைக் கடித்தது அந்த இடத்தில்தான், அந்தக் காரணத்தால்தான். மூத்திரம் விட்டதற்குத் திட்டாதீர்கள். பயத்தில் தானாக வருவது அது, திட்டினால் இன்னும் கூடும்.

லாரிப் பயத்துக்கு மருந்து தூரம். காலையில் சாலை சற்று ஓய்ந்திருக்கும் நேரத்தில், ஹாரன் லேசாகக் கேட்கும் தூரத்துக்குக் குட்டியைக் கூட்டிப் போய்ச் சும்மா உட்காருங்கள். மடியில் வேகவைத்த கோழிக்கறித் துணுக்குகள் இருக்கட்டும். முட்டையின் வெள்ளைக்கருவும் ஆகும். லாரி சத்தம் வந்ததும் ஒரு துணுக்கு கொடுங்கள். சத்தம் முதலில், தீனி பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது. மாறினால் தீனியைக் கண்டாலே லாரி வரப்போகிறது என்று பயப்பட ஆரம்பித்துவிடும். ஆசையாகத் தின்னும் துணுக்கைக் குட்டி வாங்க மறுத்தால் நீங்கள் சாலைக்கு அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பேசாமல் பின்னால் வந்துவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும், காலையும் மாலையும். சத்தம் கேட்டதும் உங்கள் கையைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்த பிறகு இரண்டு அடி முன்னேறுங்கள். பதினைந்து நாளில் நடந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சில குட்டிகளுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

பயந்த குட்டியைத் தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. அதுவாக வந்து உங்கள் மேல் சாய்ந்தால் தாராளமாகத் தடவுங்கள்.

அடிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாதவரத்துப் பக்கம் மாடு வைத்திருந்த ஒருவரின் நாய் உறுமுகிறது என்றபோது, காகிதத்தைச் சுருட்டி மூக்கில் ஒன்று போடுங்கள் என்று நானே சொன்னேன். அப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த நாய் உறுமுவதை நிறுத்தியது. ஆனால் ஆறு மாதம் கழித்து, உறுமாமலே, பால் வாங்க வந்த பெரியவர் ஒருவரின் கையைக் கிழித்துவிட்டது. உறுமல் என்பது கடிக்கு முன் வரும் எச்சரிக்கை. எச்சரிக்கையை அடித்து நிறுத்தினால் கடி மட்டும் மிஞ்சும். அந்தப் பெரியவரின் கட்டுப் போட்ட கை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து எந்த நாயையும் அடிக்கச் சொன்னதில்லை. உங்கள் குட்டி உறுமினால் கையை எடுத்துக்கொண்டு விலகுங்கள். வால் கால்களுக்கிடையில் போவது, காது பின்னுக்குப் படிவது, நாக்கால் மூக்கை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது எல்லாம் உறுமலுக்கு முன்னால் வரும் சொற்கள். இவற்றைப் பையனுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

கையைக் கடிப்பதும் நைட்டியில் தொங்குவதும் வேறு கதை. இதில் பயம் குறைவு, பல்தான் காரணம். குட்டிக்குப் பால் பற்கள் 28. மூன்றரை மாதத்திலிருந்து அவை விழுந்து, ஏழு மாதத்துக்குள் 42 நிலையான பற்கள் முளைத்துவிடும். நாலரை மாதம் என்றால் ஈறு தினவெடுக்கும் உச்ச நேரம். பழைய பருத்தித் துண்டை முறுக்கி முடிச்சுப் போட்டு, நனைத்து, ஃபிரிட்ஜில் வைத்துக் கடிக்கக் கொடுங்கள். நூல் பிரிந்து வந்ததும் எடுத்துவிடுங்கள். வேகவைத்த கோழி எலும்பு வேண்டவே வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். கையைக் கவ்வினால் வெடுக்கென்று உருவாதீர்கள். உருவினால் அதற்கு விளையாட்டு. கையை அசைக்காமல் தளர விட்டு, பிடி விட்டதும் எழுந்து அரை நிமிடம் தள்ளிப் போய்விடுங்கள். திரும்பி வந்து துண்டைக் கொடுங்கள். வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும். நீங்கள் ஒதுங்கிப் போக, பையன் கையால் மல்லுக்கட்டினால் ஒன்றும் நடக்காது. சாயங்காலத்தில் வெறி பிடித்த மாதிரி ஓடிக் கடித்தால் பெரும்பாலும் அது தூக்கக் குறைவுதான். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 16 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். மத்தியானம் ஆள் நடமாட்டம் இல்லாத இடம் ஒதுக்கிக் கொடுங்கள்.

இழுப்புக்கு முதல் வேலை, அந்தச் சங்கிலியை மாற்றுவது. கழுத்து இறுக இறுக மூச்சுக்குழல் நசுங்கும். மூச்சு முட்டினால் பயமும் கூடும். கடைகளில் மார்போடு சேர்த்துப் போடும் பட்டை ‘ஹார்னஸ்’ என்று கிடைக்கும். அதில் இரண்டு மீட்டர் துணிப் பட்டை கோர்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே மாட்டி விட்டு, தீனி கொடுத்துப் பழக்குங்கள்.

அப்புறம் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். குட்டி எந்தப் பக்கம் இழுக்கிறது? ஆட்டையோ காக்கையையோ பார்த்து முன்னால் இழுத்தால் அது துள்ளல். அப்போது நட்ட கல் மாதிரி நின்றுவிடுங்கள். பட்டை தளர்ந்ததும், அரை நொடி தளர்ந்தாலும், துணுக்கைக் கொடுத்து நடங்கள். மறுபடி இழுத்தால் மறுபடி நில்லுங்கள். முதல் வாரம் கால் மணி நேரத்தில் பத்து மீட்டர்கூட நகர மாட்டீர்கள். பரவாயில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி இழுத்தால் அது பயம். அங்கே நின்று அடம்பிடிக்கக் கூடாது. அதனோடு சேர்ந்து திரும்பி வந்துவிடுங்கள், மறுநாள் அவ்வளவு தூரம் போகாதீர்கள். பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து, பயந்த குட்டியைத் தரதரவென்று சாலைக்கு இழுத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். மனம் கேட்பதில்லை. வெயில் ஏறிய பிறகு தார்ச் சாலையில் நடத்தவும் வேண்டாம். உங்கள் புறங்கையைத் தரையில் ஐந்து நொடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

ஆடு துரத்துவதில் கவனமாக இருங்கள். சிப்பிப்பாறை வேட்டைக்கு வளர்த்த இனம். ஓடுவதைக் கண்டால் துரத்தும் குணம் ரத்தத்திலேயே இருக்கிறது. ஒரு முறை துரத்தி ருசி கண்டால் மறக்காது. அதனால் ஓராண்டாவது ஆகும் வரை ஆட்டுக்குட்டிகளோடு தனியாக விடாதீர்கள். கொட்டகைக்கு வெளியே, கம்பி வலைக்கு இந்தப் பக்கம், பட்டையைப் பிடித்தபடி உட்காருங்கள். ஆட்டைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் துணுக்கு. ஆடுகள் படுத்து அசை போடும் நேரத்தில் தொடங்குங்கள், ஆட்டுக்குட்டிகள் துள்ளும் நேரத்தில் வேண்டாம்.

ஆடு வளர்ப்பவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கறிக்கடையில் மிஞ்சும் பச்சை ஈரல், நுரையீரல், தலை எதையும் நாய்க்குப் போடாதீர்கள். அவற்றில் புழுவின் நீர்க்கட்டிகள் இருந்தால் அவை நாயின் குடலில் நாடாப்புழுவாகி, அதன் மலம் வழியாக ஆட்டுக்கும் மனிதருக்கும் திரும்பி வரும். ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு இந்த வகைப் புழுவும் ஒரு காரணம். ஆறு மாதம் வரை குட்டிக்கு மாதம் ஒரு முறை குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள். மோர் சாதம் மட்டும் போதாது. முட்டை, வேகவைத்த கறி, முள் எடுத்த மீன் சேர்த்து ஒரு நாளில் மூன்று வேளை வைக்க வேண்டும்.

காவலுக்குத் தேறுமா என்றால், பகல் முழுவதும் கட்டிப் போட்டு, அடித்து வளர்த்தால் தேறாது. பயந்த நாய் திருடனைக் கண்டால் தொட்டிக்கு அடியில்தான் போகும். கடிப்பதெல்லாம் பக்கத்து வீட்டுக் குழந்தையை. பயம் தெளிந்த நாய் தன் இடம், தன் ஆடு என்று உணர்ந்ததும் அந்நியரைக் கண்டு தானாகக் குரைக்கும். பெரும்பாலும் அது ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் தொடங்கும். நீங்கள் தூண்டிவிட வேண்டியதில்லை. ராத்திரி நாலு குரைப்புக் கேட்டு நீங்கள் விளக்கைப் போட்டால் அதுவே போதிய காவல்.

திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். இரண்டு மாதம் இப்படிப் பழக்குங்கள். சாலையிலிருந்து எத்தனை அடி தூரத்தில் தீனி வாங்கியது என்று காலண்டர் தாளில் தினமும் குறித்து வாருங்கள். அந்த எண் குறையவே இல்லை என்றாலோ, காரணமே தெரியாமல் கடித்தாலோ, அந்தத் தாளோடு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். காது வலி, மூட்டு வலி இருந்தாலும் நாய் இப்படி நடந்துகொள்ளும். அதைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.