சின்ன அறைக்கு ஸ்பீக்கரும் ஆம்பும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பணம் அதிகம் போடாமல், அலமாரியில் அடங்கும் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, அதற்கேற்ற ஆம்ப் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) ஒன்று என்பதுதான் எல்லோருடைய தேடலும்.

கேள்வி: என் அறை பத்துக்குப் பத்தடி. ஆம்ப் எத்தனை வாட்டில் வாங்கட்டும்? 100 வாட்டாவது வேண்டும் என்கிறார்கள்.

வாட்டைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி என்ன என்று பாருங்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் கேட்கிறது என்பதுதான் அது. இந்த வகை ஸ்பீக்கர்களில் 84 முதல் 88 வரை இருக்கும்.

86 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 6 டெசிபல் குறையும், ஜோடியாகப் பாடுவதால் 3 கூடும். ஆக, ஆளுக்கு ஒரு வாட்டில் உங்கள் காதுக்கு 83 வந்துவிடுகிறது. சுவர்கள் திருப்பி அனுப்புவதைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவுதான். இந்த ஒரு வாட்டிலேயே பக்கத்து அறையில் இருப்பவர் கதவைத் தட்டலாம்!

மேளம் திடீரென்று எழும்பும் இடத்துக்கு இன்னும் 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு, அதாவது 10 வாட். சரி, கைவசம் கொஞ்சம் இருக்கட்டும் என்று 30 வாட் உண்மையாகவே தரும் ஆம்ப் வாங்கினால் தாராளம். 30-ஐ 60 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

கேள்வி: "உண்மையாகவே" என்று சொன்னீர்களே, அது என்ன? நான் பார்த்து வைத்திருக்கும் சின்ன ஆம்பில் 50+50 வாட் என்று போட்டிருக்கிறது. 12 வோல்ட் அடாப்டர் கூடவே வருகிறது.

அடாப்டரிலேயே குட்டு வெளிப்பட்டுவிட்டது. இந்த மாதிரி சின்ன கிளாஸ் டி (சூடாகாமல் சிக்கனமாக ஓடும் வகை) ஆம்புகளில் சப்ளை வோல்ட்டைத் தாண்டி ஒலி அலை எழும்ப முடியாது. வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, ஸ்பீக்கரின் ஓமைப் (மின்தடை அளவைப்) போல இரண்டு மடங்கால் வகுத்துப் பாருங்கள். 12 வோல்ட், 8 ஓம் என்றால் 144-ஐ 16-ஆல் வகுக்க வேண்டும். 9 வாட். அதுவும் ஏட்டுக்கணக்கு, கைக்கு வருவது இன்னும் குறைவு. 24 வோல்ட் போட்டால் அதே 8 ஓமுக்கு 36 வாட்.

பெட்டியில் போட்டிருக்கும் 50 பெரும்பாலும் 4 ஓமில், இதைவிட அதிக வோல்ட் கொடுத்து, 10 சதவீத ஒலிச் சிதைவையும் பொறுத்துக்கொண்டு எடுத்த எண். அந்தச் சிதைவில் பாட்டு கேட்க யாராலும் முடியாது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 சிப் வைத்த ஆம்ப் என்றால் 26 வோல்ட் வரை தாங்கும். 24 வோல்ட்டில் நல்ல அடாப்டர் ஒன்றைச் சேர்த்தால் உங்கள் அறைக்கு அதுவே போதும். ஆனால் போர்டில் இருக்கும் கெபாசிட்டர்களும் (மின்தேக்கிகளும்) அந்த வோல்ட்டைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: ஒன்று 4 ஓம், 88 டெசிபல். இன்னொன்று 8 ஓம், 86 டெசிபல். முதலாவதுதானே குறைந்த வாட்டில் அதிகம் கேட்கும்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த எண் 1 வாட்டில் எடுத்ததா, 2.83 வோல்ட்டில் எடுத்ததா என்று பாருங்கள். 8 ஓமில் இரண்டும் ஒன்றுதான். 4 ஓமில் 2.83 வோல்ட் என்றால் 2 வாட் போகிறது, அதிலேயே 3 டெசிபல் சும்மா ஏறிவிடும். வோல்ட் கணக்கு என்றால் உங்கள் 88 உண்மையில் 85. ஆம்ப் 4 ஓமைத் தாங்கும் என்று பின்பக்கம் எழுதியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, மேசை மேல் சுவரை ஒட்டி வைத்திருக்கிறேன். பேஸ் (அடித்தொனி) கும்மென்று அடிக்கிறது, பாடுகிறவர் குரலே அமுங்கிப்போகிறது. ஸ்பீக்கரை மாற்றணுமா?

மாற்றாதே தம்பி. சுவர் பக்கத்தில் இருந்தாலே பேஸ் ஏறும். மூலையில் என்றால் இன்னும் மோசம். பின்பக்கம் ஓட்டை இருந்தால் அதில் ஒரு ஜோடிக் காலுறையைச் சுருட்டி அடைத்துப் பார். (துவைத்ததாக இருக்கட்டும்.) பாதி பிரச்சினை அதிலேயே தீரலாம்.

அப்புறம் உட்காரும் இடம். பத்தடிச் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் பக்கமுள்ள அடித்தொனி தேங்கும். முதுகு சுவரில் ஒட்டினால் அது ஊதிப் பெருகும், அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் காணாமலே போகும். நாற்காலியை ஒரு அடி முன்னும் பின்னும் நகர்த்திக் கேள். ட்வீட்டர் (கீச்சு ஒலி தரும் சின்ன வட்டம்) காது உயரத்துக்கு வரட்டும். மேசை என்றால் முன்பக்கம் தூக்கி வை. இரண்டு ஸ்பீக்கரும் நீயும் ஏறக்குறைய சம பக்க முக்கோணமாக இருந்தால் குரல் நடுவில் வந்து நிற்கும். இதற்கெல்லாம் காசே இல்லை, ஆனால் ஆம்ப் மாற்றுவதைவிட அதிக வித்தியாசம் கேட்கும்.

கேள்வி: எனக்கு நேர் எதிர். புது ஜோடி, பேஸே இல்லை. குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை.

ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கும். ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போனால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒயரை ஆம்பிலிருந்து கழற்றி, அந்த முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ் சிவப்பு ஒயரில் பட்டால் வூஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு) லேசாக வெளியே துள்ள வேண்டும். உள்ளே போனால் ஒயர் திரும்பியிருக்கிறது.

கேள்வி: 5 அங்குல வூஃபரா, 6.5 அங்குலமா?

உங்கள் அறைக்கு 5. பிபிசி 1970-களில் ஒலிபரப்பு வண்டிக்குள் வைத்துக் கேட்கவென்றே எல்எஸ்3/5ஏ என்று ஒரு ஸ்பீக்கர் செய்தது. 5 அங்குல வூஃபர், ஓட்டையே இல்லாத மூடிய பெட்டி. இன்றும் சின்ன அறைக்காரர்கள் அதைத் தேடுகிறார்கள்.

கேள்வி: ஒயர்?

16 கேஜ் தடிமனில் செம்பு. மூன்று மீட்டருக்கு அதற்கு மேல் செலவு செய்யாதீர்கள்.

கேள்வி: பழைய ஜோடி ஒன்று கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

வூஃபரைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். ஃபோம் என்றால் வருடங்கள் போகப் போக மட்கி உதிரும். ரப்பர் பொதுவாக நின்றுபிடிக்கும். கூம்பை இரு பக்கமும் சமமாக விரல் வைத்து மெதுவாக அமுக்குங்கள், உள்ளே உரசும் சத்தம் வந்தால் வேண்டாம். கடைசியாக, ஒவ்வொரு ட்வீட்டரிலும் காதை வைத்துக் கேளுங்கள், சத்தத்தை நன்றாகக் குறைத்துக்கொண்டு. சின்ன ஆம்பை முழுக்க முறுக்கிச் சிதறவிட்டவர்கள் முதலில் எரிப்பது அதைத்தான்.