சென்னையில் பள்ளிகள் நடத்தும் பிரசெண்டேஷன் சிஸ்டர்கள் யார்? எங்கிருந்து வந்தார்கள்?

அவர்களிடம் பத்து வருடம் படித்தவள் என்பதால் எழுதுகிறேன். எங்கள் பள்ளி வராந்தாவில் ஒரு படம் மாட்டியிருக்கும். முக்காடு போட்ட ஒரு பெண், கையில் லாந்தர் விளக்கு, இருட்டுச் சந்து. ரொம்ப நாள் அதை மாதா படம் என்றே நினைத்திருந்தேன். அவர் பெயர் நானோ நேகிள், அயர்லாந்துக்காரர் என்று ஐந்தாம் வகுப்பில்தான் ஒரு சிஸ்டர் சொன்னார்.

1718-இல் கார்க் நகருக்கு அருகே வசதியான கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அன்றைய ஆங்கிலேயர் சட்டப்படி அங்கே கத்தோலிக்கர் பள்ளி நடத்தக் கூடாது. படிப்புக்காகப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. பணக்காரர்கள் ரகசியமாக அனுப்பினார்கள். நானோவும் அப்படித்தான் பிரான்சில் படித்தார். ஏழைக்கு அதற்கு வழி ஏது?

1750-களில் அவர் கார்க்கில் ஒரு பள்ளி தொடங்கினார். தெரிந்தால் குடும்பத்துக்கே ஆபத்து என்பதால் வீட்டில் மூச்சு விடவில்லை. வேலைக்காரப் பெண்ணை அனுப்பி ஒரு ஆசிரியையையும் முப்பது ஏழைச் சிறுமிகளையும் சேர்த்துக்கொண்டார். காலையில் அவர் பள்ளிக்குக் கிளம்பினால், ஜெபிக்கப் போகிறார் என்று தம்பி நினைத்துக்கொள்வார். ஒருநாள் ஒரு ஏழை அந்தத் தம்பியிடமே வந்து, "உங்கள் அக்காவிடம் சொல்லி என் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வாங்கித் தாருங்கள்" என்று சிபாரிசு கேட்டிருக்கிறார்! யாரோ பைத்தியம் என்று சிரித்த தம்பி, உண்மை தெரிந்ததும் கொதித்துப்போனார். அப்புறம் சமாதானமானார். ஒன்பது மாதத்தில் பிள்ளைகள் சுமார் இருநூறு. இதையெல்லாம் நானோவே 1769-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். வாசிப்பு, எழுத்து, கணக்கு, தையல், ஞானோபதேசம் (கத்தோலிக்க மதப் பாடம்) எல்லாம் உண்டு. ஞானோபதேசத்தை அவரே சொல்லிக்கொடுத்தார்; பேசிப் பேசி ரத்தம் துப்பும் நிலைக்கும் போயிருக்கிறார்.

தனக்குப் பின் பள்ளிகள் நிற்க வேண்டும் என்று 1771-இல் உர்சுலைன் என்ற கன்னியர் சபையினரைக் கார்க்குக்கு வரவழைத்தார். ஆனால் மடத்தைவிட்டு வெளியே வரக் கூடாது என்பது அவர்கள் விதி. சந்துக் குடிசைகளுக்கு யார் போவது? அதனால்தான் 1775 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தனிச் சபையே தொடங்கினார். அதுதான் பின்னாளில் பிரசெண்டேஷன் சபை. இரண்டு வருடம் கழித்து, புது மடத்தைத் திறந்த கிறிஸ்துமஸ் அன்று ஐம்பது பிச்சைக்காரர்களை உட்காரவைத்து விருந்து போட்டார். 1784-இல் இறந்தார்.

எனக்கு மனசு கனப்பது அடுத்த கட்டம்தான். ரோமின் முறையான அங்கீகாரத்தோடு 1805-இல் அவருடைய சபைக்கும், மடத்தைவிட்டு வெளியே வரக் கூடாது என்ற அதே அடைப்பு விதி வந்தது. அது முழுதாகத் தளர்ந்தது, 1960-களில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு. ஆனால் அந்த விதியோடேயே அவர்கள் கடல் தாண்டினார்கள். 1833-இல் இன்றைய கனடாவிலுள்ள நியூபவுண்ட்லாந்து, 1842-இல் நம் மெட்ராஸ். சூயஸ் கால்வாய் என்ற குறுக்குவழி இல்லாத காலம். ஜார்ஜ் டவுனில்தான் முதல் மடமும் பள்ளியும். 1909-இல் வந்ததுதான் எல்லோருக்கும் தெரிந்த சர்ச் பார்க். ஜெயலலிதா படித்த பள்ளி.

என் அப்பா துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தார். எனக்கு இடம் கேட்டு, சிபாரிசுக் கடிதம் எதுவும் இல்லாமல்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்த வயதான சிஸ்டர் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "உன் பேரை எழுது பார்ப்போம்" என்று சாக்பீஸை நீட்டினார்.